பங்காளி கேட்ட லெட்

ஷம்ரோஸ் தன் ஆட்ட வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் லெட் கேட்டான். அதற்காக ஊர் அவனைக் கரித்துக் கொட்டியது. பேஷாவர் சதர் பஜாரில் கபாப் சுடுகிறவன், ராக்கெட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாதவன், "கடைசியில கையேந்திட்டானே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். அந்த லெட்டுக்கும் என் இடது கண்ணுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அது கபாப்காரனுக்குத் தெரியாது.

என் பெயர் நூரங். அதிகாரிகள் கிளப்பில் மார்க்கர். கோர்ட்டைப் பெருக்குவது, ராக்கெட்டுக்கு நரம்பு போடுவது, ஜோடி கிடைக்காத மெம்பரோடு ஆடித் தோற்பது, போட்டி நடந்தால் கேலரியில் நின்று பாயிண்ட் சொல்வது, எல்லாம் சேர்ந்ததுதான் மார்க்கர் வேலை. ஒற்றைக் கண்ணோடு எப்படி ஆடுகிறாய் என்று புதிதாக வரும் கேப்டன்கள் கேட்பார்கள். கர்னல்களிடம் தோற்பதற்கு ஒரு கண் தாராளம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்குவாஷில் எதிராளி எதிரே நிற்பதில்லை. வலை கிடையாது. நாலு சுவருக்குள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே சுவரில் அடிக்க வேண்டும். அடிக்கிற வழியில் மற்றவன் நின்றுவிட்டால் கையை நிறுத்தி, "லெட், ப்ளீஸ்" என்று கேட்கலாம். மார்க்கர் "லெட்" என்று சொன்னால் அந்தப் பாயிண்டை முதலிலிருந்து ஆட வேண்டும். "நோ லெட்" என்றால் கேட்டவன் பாயிண்டை இழந்தான். பந்தை எடுத்து மற்றவன் கையில் கொடுத்துவிட்டு நகர வேண்டியதுதான்.

உலகம் முழுக்க இதுதான் சட்டம். எங்கள் குடும்பத்தில் மட்டும் வேறு.

எங்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தது தாஜ்மீர் காகா. என் தகப்பனுக்கு அண்ணன், ஷம்ரோஸுக்கு அப்பா. வெள்ளைக்காரன் காலத்தில் கிளப்பில் பந்து பொறுக்கி ஆட்டத்தைக் கற்று, அங்கேயே மார்க்கரானவர். ஊரில் விமானப்படைச் சுவருக்குப் பின்னால் கூரையில்லாத சிமெண்ட் கோர்ட் ஒன்றைத் தன் கையாலேயே கட்டியிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் "ப்ளீஸ்" என்ற சொல்லை மட்டும் நன்றாகத் தெரியும். கிளப் வாசலில் பிச்சைக்காரர்கள் துரைகளிடம் சொல்லும் சொல் அது. அதே சொல்லைக் கோர்ட்டுக்குள் துரைகளே ஒருவரிடம் ஒருவர் சொல்வதைக் கேட்டபோது காகாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லையாம்.

"ப்ளீஸ்னா என்னடா அர்த்தம்? பிச்சை. பந்து வந்தா அடி. வழியில ஆள் நின்னா அது அவன் பாடு. பதான் பையன் எவன்கிட்டயும் பாயிண்டைப் பிச்சை கேக்க மாட்டான்" என்பார்.

எங்கள் கோர்ட்டில் லெட் கிடையாது. பந்து ஆள் மேல் பட்டால் அடித்தவனுக்குப் பாயிண்ட். எங்கள் முதுகிலும் தொடையிலும் எப்போதும் காசளவுக்கு ஊதா வட்டங்கள் இருக்கும். யாருக்கு எத்தனை என்று குளிக்கும்போது எண்ணிப் பார்த்துச் சிரிப்போம்.

ஷம்ரோஸ் என்னைவிட ஒன்றரை வயது இளையவன். என்னை லாலா என்பான், அண்ணன் என்ற மரியாதையில். அப்பாக்கள் அண்ணன் தம்பிகளாக இருந்தால் பிள்ளைகளைக் குறிக்க எங்கள் மொழியில் ஒரே சொல்தான், பங்காளி. எதிரிக்கும் அதே சொல்தான். எந்த அர்த்தத்தில் சொல்கிறோம் என்பதைச் சொல்கிறவனின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்குள் அந்தக் குழப்பமே வந்ததில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டோம், ஒரே ராக்கெட்டில் மாறி மாறி ஆடினோம். நான் அவனைவிட நன்றாக ஆடினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பத்து ஆட்டம் ஆடினால் ஆறோ ஏழோ நான் ஜெயிப்பேன். அவ்வளவுதான்.

எனக்கு இருபது வயதானபோது, லண்டன் போட்டிக்கு ஊரிலிருந்து ஒருவனை அனுப்ப விமானப்படை அதிகாரி ஒருவர் ஒப்புக்கொண்டார். ஒருவன்தான், யார் என்பதை காகாவே முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டார். காகா நியாயமானவர். தன் பிள்ளை என்று பார்க்கவில்லை. "அஞ்சு கேம் ஆடுங்க. ஜெயிக்கிறவன் போறான்" என்றார்.

மார்ச் மாதம், வெயில் ஏறாத காலை. ஊர் ஆண்கள் முழுக்கச் சுவர் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நாலு கேம் முடிந்து ஆளுக்கு இரண்டு. ஐந்தாவதில் ஒன்பது எடுத்தவன் லண்டன் போகிறான். எட்டு, ஆறு. அவன் முன்னால் இருந்தான், சர்வீஸும் அவன் கையில். ஆனால் நான் பயப்படவில்லை. அவனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, எனக்கு இல்லை. இன்னும் இரண்டு ராலி, பந்தை விழவிடாமல் மாறி மாறி அடித்து இழுத்தால் அவன் கால் விழுந்துவிடும் என்று தெரியும்.

இடது பின்மூலைக்கு ஒன்று அடித்தேன். நல்ல அடி. பந்து பக்கச் சுவரில் பட்டு, பின்சுவரில் பட்டு, அவனைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. அந்தப் பந்தை எடுக்க வேண்டுமானால் அதோடு கூடவே உடம்பை ஒரு முழுச் சுற்றுச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். சுற்றுகிற நேரத்தில் எதிராளி எங்கே நிற்கிறான் என்று தெரியாது. அதனால்தான் உலகத்தில் எல்லாரும் அங்கே நின்று லெட் கேட்கிறார்கள். நான் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தேன், எடுத்துவிடுவானா என்று. எடுக்க மாட்டான் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

ஸ்குவாஷ் பந்து சின்னது. டென்னிஸ் பந்தாக இருந்தால் புருவ எலும்பு தாங்கிக்கொள்ளும். இது கண்குழிக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி உள்ளே போய் உட்காரும். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. நான் விழுந்தபோது சுவர் மேல் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். அந்த அமைதியில் காகாவின் குரல் கேட்டது.

"ஒம்பது, ஆறு."

அப்புறம்தான் கீழே குதித்து ஓடி வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பாயிண்ட் விழுந்தால் வாய் தானாகச் சொல்லிவிடும். முப்பது வருஷம் மார்க்கராக இருந்தவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. ஆனால் அந்தப் பாயிண்டை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

கண்ணை எடுத்துவிட்டார்கள். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மூன்றாம் நாள் காகா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோர்ட்டில் கேட்டால்தான் எங்களுக்குப் பிச்சை. குற்றம் செய்தவன் ஆட்டோடு வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்டால் அது கௌரவம். அதை மறுத்தவன் மனுஷன் இல்லை. அதிலும் அண்ணனே தம்பியின் வாசலில் வெறுந்தலையோடு நிற்கிறான். என் தகப்பன் அழுதுகொண்டே ஆட்டைப் பிடித்து உள்ளே கட்டினார். சாயங்காலம் வெட்டிச் சமைத்து ஊரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அத்தோடு விஷயம் முடிந்தது. இனி யாரும் அதைப் பேசக் கூடாது. நானும்தான்.

மறுநாள் அம்மா சூப்பு கொண்டு வந்தாள். கட்டுப் போட்ட தலையோடு எழுந்து உட்கார்ந்து குடித்தேன். ருசியாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அது எந்த ஆடு என்று எனக்கு அப்போது தெரியாது.

ஷம்ரோஸ் ஆட்டோடு வரவில்லை. அவன் அன்றைக்குக் கராச்சியில் லண்டன் விமானத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். முதல் வருஷம் இரண்டாம் சுற்றில் தோற்றான். மூன்றாம் வருஷம் இறுதியாட்டம் வரை போனான். ஐந்தாம் வருஷம் கோப்பையோடு வந்தான். அடுத்த பத்து வருஷத்தில் இன்னும் ஐந்து லண்டன் கோப்பைகள். விமான நிலையத்திலிருந்து ஊர் வரை திறந்த ஜீப்பில் கூட்டி வருவார்கள். பெட்டி பெட்டியாகப் பேரிச்சம்பழம் வழங்குவார்கள். துப்பாக்கியை வானத்துக்குச் சுட்டுச் சுட்டுக் காக்கைகள் ஊரைவிட்டே போய்விட்டன. காகா ஜீப்பில் முன்னால் நிற்பார். நான் கூட்டத்தில் நிற்பேன், வலது கண் அவன் பக்கம் இருக்கும்படி.

அவனைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. எல்லாரும் ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார்கள். இந்த வீரன் இதுவரை ஒரு லெட் கூடக் கேட்டதில்லை. வழியில் ஆள் நின்றால் சுற்றிப் போகிறான், முடியாவிட்டால் பாயிண்டை விட்டுக் கொடுக்கிறான், புகார் சொல்வதில்லை. மலை மக்களின் மானம் என்று ஒரு லண்டன் பத்திரிகை பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கிளப்பில் அதை யாரோ வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். தினமும் காலையில் அதைத் துடைப்பதும் மார்க்கர் வேலைதான்.

ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் ஷம்ரோஸ் கிளப்புக்கு வருவான். எனக்கு ஸ்வெட்டர், ராக்கெட், ஒரு முறை கைக்கடிகாரம் என்று ஏதாவது கொண்டு வருவான். இரண்டு கையாலும் கொடுப்பான். "லாலா, நல்லா இருக்கியா?" என்பான். ஆனால் பேசும்போது என் காதைப் பார்ப்பான், சட்டைப் பொத்தானைப் பார்ப்பான், முகத்தை மட்டும் பார்க்க மாட்டான். என்னோடு கோர்ட்டுக்குள் இறங்கியதே இல்லை.

எனக்கு அவனிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. அன்றைக்குச் சுற்றித் திரும்பியபோது என்னைப் பார்த்தாயா இல்லையா? பார்க்காமல் அடித்திருந்தால் அது விதி. என் கண் போனது போனதுதான், ஆனால் தம்பி மிஞ்சுவான். பார்த்துவிட்டு அடித்திருந்தால்? கேட்க முடியாது. ஆட்டைச் சாப்பிட்டாகிவிட்டது.

அதனால் மற்றவர்களைக் கேட்டேன். பதினாறு வருஷம் கேலரியில் நின்று அந்த மாதிரிச் சுற்றித் திரும்புகிறவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். சிலர் நிறுத்துவார்கள், சிலர் அடித்துவிடுவார்கள். அடித்தவனை ஆட்டம் முடிந்ததும் ஓரமாகக் கூப்பிட்டு, "சாப், அவரு நின்னது உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்பேன். "இல்லப்பா, அந்த வேகத்துல யாருக்குத் தெரியும்?" என்பார்கள். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். யாருக்கும் தெரிவதில்லை, அவனுக்கும் தெரிந்திருக்காது. இந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் நான் கல்யாணம் செய்துகொண்டேன், அவன் ஜெயித்தபோதெல்லாம் இனிப்பு வாங்கினேன், அவன் கொடுத்த கடிகாரத்தைக் கட்டிக்கொண்டேன்.

ஏழாவது கோப்பைக்கான இறுதியாட்டத்தை கிளப் டீவியில் நேராகக் காட்டினார்கள். அப்போது அவனுக்கு முப்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது. இடுப்பு தேய்ந்துவிட்டது என்றும், ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிறான் என்றும் பேச்சு. எதிராளி இருபத்திரண்டு வயது இங்கிலீஷ்காரன், மான்குட்டி மாதிரி ஓடினான். சாயங்காலத் தொழுகை முடிந்து மெம்பர்கள் எல்லாரும் வந்து சேர்ந்திருந்தார்கள். காகாவுக்கு முன்வரிசையில் சோபா போட்டிருந்தார்கள். உதட்டுக்கடியில் நஸ்வார் புகையிலை வைத்துக்கொண்டு, கைத்தடியில் தாடையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். நான் காவா டீ கொடுத்துக்கொண்டே பார்த்தேன்.

ஐந்தாவது கேம். எட்டு, ஏழு. ஷம்ரோஸ் முன்னால் இருந்தான், சர்வீஸும் அவனுடையதுதான். ஒரு பாயிண்ட் போதும். பையன் இடது பின்மூலைக்கு ஒன்று அடித்தான். பந்து பக்கச் சுவர், பின்சுவர் என்று பட்டு வெளியே வந்தது. ஷம்ரோஸ் அதோடு சுற்றினான். இடுப்பு அந்த நிலையில் இருந்தும் எப்படித்தான் சுற்றினானோ. பையன் நடுவில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காவாத் தட்டைக் கீழே வைத்தேன். இந்த இடம் எனக்குத் தெரியும்.

ராக்கெட் மேலே போனது. இறங்கவில்லை. பந்து தரையில் இரண்டாம் தடவை பட்டு உருண்டு போனது. ஷம்ரோஸ் ராக்கெட்டை அப்படியே தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அவன் வாய் அசைந்தது.

"என்னது? என்ன சொன்னான்?" என்று காகா கேட்டார். டீவியில் மார்க்கர் சொன்னது தெளிவாகக் கேட்டது. "லெட்."

அந்தப் பாயிண்டைத் திரும்ப ஆடினார்கள். அதற்கப்புறம் அவன் ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை.

காகா எழுந்தார். "எனக்கு ஒரு புள்ளை இருந்தான். பிச்சை எடுக்கப் போயிட்டான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கைத்தடியை ஊன்றி வெளியே போனார். அவருக்காக ஜீப் நின்றது. ஏறாமல் நடந்தே போனார்.

எனக்குத் தோல்வி ஒரு பொருட்டாகவே படவில்லை. டீவியில் அந்த இடத்தை மெதுவாகத் திரும்பக் காட்டினார்கள், இரண்டு தடவை. சுற்றுகிறான், கண் பையன் மேல் விழுகிறது, கை நிற்கிறது. கண்ணுக்கும் கைக்கும் நடுவே ஒரு நொடி இருக்கிறது. சின்ன நொடிதான், ஆனால் இருக்கிறது. பதினாறு வருஷமாக மெம்பர்கள் எல்லாரும் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள்.

அவன் ஊர் வந்தபோது ஜீப் இல்லை, பேரிச்சம்பழம் இல்லை. காகா அவனைப் பார்த்துப் பேச மறுத்தார். நான்கு நாள் கழித்து மத்தியானம், கிளப் காலியாக இருக்கும் வேளையில், ஒன்றாம் நம்பர் கோர்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவைக் குனிந்து தாண்டி உள்ளே வந்தான். நொண்டிக்கொண்டு வந்தான். கையில் ராக்கெட்.

"லாலா, கொஞ்சம் பந்து தட்டலாமா?"

"உன்னோட ஆட எனக்கு ஒரு கண்ணு பத்தாதேடா."

"எனக்கும் ஒரு காலுதான் இருக்கு. சரியாப் போச்சு" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். பதினாறு வருஷத்தில் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

பந்தைச் சூடாக்க வேண்டும். ஸ்குவாஷ் பந்து குளிர்ந்து கிடந்தால் எழும்பாது. சுவரில் மாறி மாறி அடிக்க அடிக்கத்தான் சூடேறி உயிர் வரும். கால் மணி நேரம் அடித்தோம். எனக்கு இடது பக்கம் வந்தது எல்லாம் தவறியது. அவன் அதைக் கவனித்து, வலது பக்கமாகவே போட்டுக் கொடுத்தான். அந்தக் கரிசனம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ராக்கெட்டை இறக்கினேன்.

"லண்டன்ல ஏன்டா நிறுத்தினே?"

"கை நின்னுடுச்சு."

"பந்தைத்தானே பாத்துட்டிருந்தே? அந்தப் பையன் நின்னது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பந்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

"சொல்லுடா. திரும்பினா ஆளு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும், லாலா."

"எப்பவுமா?"

"எப்பவும்."

கேட்க வேண்டியதே இல்லை. இருந்தும் கேட்டேன். "நான் தெரிஞ்சேனா?"

முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். இடது பக்கத்தையும் சேர்த்துத்தான். "தெரிஞ்சே. நீ சிரிச்சுக்கிட்டு நின்னே."

சுவரில் சாய்ந்துகொண்டேன். "காகா அடின்னு சொன்னாரா? மேல இருந்து சாடை காட்டினாரா?"

"ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா எனக்குச் சௌகரியமா இருந்திருக்கும்."

"முகத்தைக் குறி வெச்சியா?"

"பாயிண்டைக் குறி வெச்சேன். நடுவுல உன் முகம் இருந்துச்சு. நிறுத்தலாம்னு தோணுச்சு. நிறுத்தினா இன்னும் ரெண்டு ராலிதான் தாங்குவேன், நீ லண்டன் போயிடுவேன்னும் தோணுச்சு. ரெண்டும் தோணுச்சு, லாலா. நேரம் இருந்துச்சு."

அவன் அழுதான். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு பேசினான். ஆறு கோப்பை வாங்கியும் ஒரு ராத்திரிகூட நிம்மதியாகத் தூங்கியதில்லை என்றான். லெட் கேட்காதவன் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதும்போதெல்லாம் வாந்தி வரும் என்றான். வாயைத் திறந்து லெட் என்று ஒரு தடவை கேட்டுவிட்டால், அன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்று தன்னையே கேட்க வேண்டி வரும், அதனால்தான் எந்த ஆட்டத்திலும் கேட்கவில்லை என்றான். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு அவன் மேல் பரிதாபம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பரிதாபத்துக்குக் கீழே, நான் நின்றிருந்த தரை போய்க்கொண்டிருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். "அந்த வேகத்துல தெரியல லாலா" என்று சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன். நம்புவதற்குத்தானே பதினாறு வருஷம் ஆள் ஆளாகக் கேட்டு வைத்திருந்தேன்.

"ஆட்டைக் கொண்டு வந்து காகா மன்னிப்புக் கேட்டாச்சு. எங்கப்பா கொடுத்தாச்சு. இப்ப எதுக்குடா வந்தே?"

"அது எங்க பாபா கேட்டது. நான் கேக்கல."

அவன் கோர்ட்டின் நடுவுக்குப் போனான். ராக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான், டீவியில் நின்ற அதே மாதிரி. வலியில் இடுப்பு ஒரு பக்கம் கோணியிருந்தது.

"லாலா. லெட், ப்ளீஸ்."

ப்ளீஸ் என்று எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னவனின் அப்பா அதைக் கேட்டிருந்தால் செத்தே போயிருப்பார். அவன் அதை எனக்காகச் சொன்னான். என்ன விலை கொடுத்துச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

ஆனால் நான் மார்க்கர். லெட் என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவன். அந்தப் பாயிண்டைத் திரும்ப ஆடலாம் என்று அர்த்தம். எட்டு, ஆறு என்று நிற்கிற அந்தக் காலையை, மூச்சு வாங்காத என் நெஞ்சை, இரண்டு கண்ணை யார் கொண்டு வந்து கொடுப்பது? திரும்ப ஆட முடியாத பாயிண்டுக்கு லெட் கொடுத்தால் நான் என்ன மார்க்கர்?

"நோ லெட்" என்றேன்.

குரல் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. நான் நினைத்ததைவிடச் சத்தமாக இருந்தது.

ஷம்ரோஸ் ராக்கெட்டை இறக்கினான். பாயிண்ட் இழந்தவன் செய்ய வேண்டியதைச் செய்தான். என்னிடம் நடந்து வந்து பந்தை என் கையில் வைத்தான். கதவைக் குனிந்து தாண்டிப் போனான். அவன் கால் இழுபடுகிற சத்தம் வராந்தா முடியும் வரை கேட்டது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். லாலா என்று ஒரு தடவை அவன் திரும்பியிருந்தால் கூப்பிட்டிருப்பேனோ என்னவோ. அவன் திரும்பவில்லை.

அந்த வாரமே கனடாவில் யாருக்கோ ஆட்டம் சொல்லிக் கொடுக்கப் போய்விட்டான். காகாவின் சாவுக்கும் வரவில்லை.

அன்றைக்கு நாலு மணிக்குக் கர்னல் சாப் ஆட வந்தார். நான் இன்னும் கோர்ட்டுக்குள்ளேயே நின்றிருந்தேன். கையிலிருந்த பந்தை வாங்கி அழுத்திப் பார்த்தார்.

"சூடா இருக்கே! யாரோட ஆடினே, நூரங்?"

"என் பங்காளி, சாப்" என்றேன்.

கர்னல் பஞ்சாபி. எங்கள் மொழி அவருக்கு அரைகுறை. சொன்னவன் முகத்தைப் பார்க்காமல் ஷூ லேஸைக் கட்டக் குனிந்துவிட்டார்.